அப்பாவோட அஞ்சு டம்ளர் தண்ணி

இத எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டே இருந்தேன். ஒவ்வொரு தடவையும் ரெண்டு வரி அடிச்சிட்டு மூடி வச்சிருவேன். போன வாரம் சென்னைல கூட வேலை பாக்குற ஒரு பொண்ணு, அவங்க அம்மாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பிச்சிருக்கு, லஞ்ச் டைம்ல பாத்ரூம்ல நின்னு அழுதுட்டு வந்து எங்கிட்ட "அக்கா நீங்க எப்படி சமாளிச்சீங்க"ன்னு கேட்டா. எனக்கு அங்க வச்சு சரியா பதில் சொல்ல வரல, அதான் இங்க உக்காந்து எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும்.

நாங்க பாளையங்கோட்டை. அப்பா தமிழ் வாத்தியார், ரிட்டயர் ஆகி பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு, ஆனா தெருவுல இன்னமும் சார்வாள்னுதான் கூப்பிடுவாங்க. சுகர், பிபி ரெண்டும் பல வருஷமா உண்டு. 2022ல கால் வீக்கம், மூச்சு முட்டல்னு போய் டெஸ்ட் எடுத்தா கிட்னி ரெண்டும் கிட்டத்தட்ட போச்சுன்னாங்க. அந்த ஜூலை மாசம் டயாலிசிஸ், அதாவது மிஷின் வச்சு ரத்தத்த சுத்தம் பண்றது, ஆரம்பிச்சோம். செவ்வாய், வியாழன், சனி, ஒவ்வொரு நாளும் நாலு மணி நேரம். நான் கம்பெனில பேசி வீட்டுல இருந்தே வேலை பாக்க பர்மிஷன் வாங்கிட்டு ஊருக்கு வந்துட்டேன்.

டயாலிசிஸ்னா எல்லாரும் ஊசியத்தான் பெருசா பேசுவாங்க. எங்க வீட்டுல பெரிய கஷ்டம் தண்ணிதான். அப்பாவுக்கு யூரின் போறது ஏறக்குறைய நின்னே போச்சு, அதனால உள்ள போற தண்ணியெல்லாம் உடம்புலயே தங்கிரும், நுரையீரல்ல ஏறிக்கும். ஒரு நாளைக்கு அரை லிட்டர்தான் குடிக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டார். எங்க வீட்டுல ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளர் உண்டு, சரியா நூறு மில்லி பிடிக்கும். அஞ்சு டம்ளர். காலைல காப்பிக்கு ஒன்னு, மாத்திரைக்கு ரெண்டு, மிச்சம் ரெண்டுதான் அந்த நாள் பூராவுக்கும். ரசம், மோரு, கஞ்சி எல்லாம் கணக்குல வந்துரும். இளநீர் கூடாது, அதுல பொட்டாசியம், கிட்னி போனவங்களுக்கு ஆகாது. காயெல்லாம் வேகவச்சு அந்த தண்ணிய வடிச்சு ஊத்திட்டுத்தான் தாளிக்கணும். திருநெல்வேலி வெயில்ல அரை லிட்டர் தண்ணில ஒரு மனுஷன் நாள ஓட்டுறத நீங்க பக்கத்துல இருந்து பாத்தாத்தான் தெரியும். பேசும்போது நாக்கு மேல ஒட்டிக்கிட்டு டக் டக்குனு சத்தம் வரும்.

இன்னொன்னு சொல்லணும். அந்த மிஷின்ல நிமிஷத்துக்கு அரை லிட்டர் சுத்திகரிச்ச தண்ணி மருந்து கலந்து ஓடும், நாலு மணி நேரத்துக்கு கணக்கு போட்டா 120 லிட்டர். அவரோட ரத்தத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மெல்லிய சவ்வுக்கு அப்பால 120 லிட்டர் தண்ணி ஓடிட்டே இருக்கு, இவரு உதட்ட நக்கிக்கிட்டு படுத்திருக்காரு. அத பாக்கும்போதெல்லாம் எனக்கு உள்ள கொதிக்கும். யாரு மேலன்னு கேட்டா, ஆண்டவர் மேலதான்.

நான் ஞாயிறு பள்ளில இருந்தே கோயில்லயே வளந்தவ. பாட்டு, வசனப் போட்டி, கீத பவனி எல்லாத்துலயும் இருப்பேன். ஆனா அந்த மாசங்கள்ல எனக்கு ஜெபம் வரல, முழங்கால் போட்டா ஒன்னுமே வராது. வீட்டுக்கு வந்தவங்க சொன்னதும் உதவல. ஒருத்தங்க விசுவாசம் கொறையுதுன்னாங்க, இன்னொருத்தங்க வீட்டுல அறிக்கை பண்ணாத பாவம் ஏதும் இருக்கான்னு யோசிங்கன்னாங்க. வெளியூர்ல இருந்து வந்த ஒரு ஊழியக்காரர் அப்பா தலைல கை வச்சு ஜெபிச்சிட்டு, போற வழில எங்கிட்ட, கர்த்தர நம்புறீங்கன்னா அந்த மிஷின விட்டுருங்கம்மான்னு சொல்லிட்டுப் போனார். இத படிக்கிற யார்கிட்டயாவது யாராவது இப்படி சொன்னா தயவு செஞ்சு கேக்காதீங்க, ஒரு செஷன கூட விட்டுராதீங்க, மிஷின மொத்தமா நிறுத்துனா பெரும்பாலும் ரெண்டு வாரத்துல உயிர் போயிரும். நான் அழுதுக்கிட்டே அப்பாகிட்ட வந்து சொன்னேன். அப்பா கோவப்படல. "பவுல் கூடவே ஒரு வைத்தியர் இருந்தாரு பிள்ள, பிரியமான வைத்தியனாகிய லூக்கான்னுதான் எழுதுதாரு. எசேக்கியா ராஜாவுக்கு ஆண்டவர் பதினஞ்சு வருஷம் கூட்டிக் குடுத்தாரு, அங்கயும் அத்திப்பழ அடைய பிளவை மேல பத்து போடச் சொல்லித்தான் ஏசாயா சொன்னாரு"ன்னாரு. அதோட அந்தப் பேச்ச விட்டுட்டாரு.

அதே சமயத்துல பெண்கள் ஐக்கிய சங்கத்துல இருந்து ஒரு அத்தை வருவாங்க. டயாலிசிஸ் நாள்ல நாங்க ஆஸ்பத்திரி போயிட்டு வர்றதுக்குள்ள எங்க அம்மாகிட்ட சாவி வாங்கி பின்னாடி கிடக்குற பாத்திரத்தயெல்லாம் விளக்கி கவுத்திருப்பாங்க. உப்பு இல்லாத துவையல் தனியா, எங்களுக்கு உப்பு போட்டது தனியா. ஒரு தடவ கூட அவங்க எங்களுக்கு வசனம் சொன்னதா ஞாபகம் இல்ல. பைபிள்ல கஷ்டத்துல கெடந்த யோபுவோட சிநேகிதங்க முதல்ல வந்து ஏழு நாள் ராப்பகலா ஒரு வார்த்தையும் பேசாம தரையில உக்காந்திருந்தாங்கன்னு இருக்கும், அதுக்கப்புறம் வாய தெறந்துதான் எல்லாத்தையும் கெடுத்தாங்க. இந்த அத்தை அந்த ஏழு நாள்லயே நின்னவங்க.

பைபிள்ல உள்ள சங்கீதங்கள வாசிக்கிற யோசனை அப்பாவோடது. நாலு மணி நேரம் சும்மா படுத்துக் கெடக்க முடியல, டிவி பிடிக்காது. "150 இருக்கு, ஒரு நாளைக்கு ஒன்னு, வாரத்துக்கு மூணு, அம்பது வாரத்துல முடிச்சிரலாம், நீ வாசி"ன்னாரு, சிலபஸ் போடுற மாதிரி. எனக்கு துளி கூட மனசு இல்ல. அப்பாவுக்காக பைபிள தூக்கிட்டுப் போனேன், அவ்வளவுதான்.

வாசிக்க வாசிக்க எனக்கு ஒரு அதிர்ச்சி. சின்ன வயசுல இருந்து மனப்பாடம் பண்ணினது எல்லாம் 23, 91, 121 இந்த மாதிரிதான். வரிசையா போனா மூணுல ஒரு பங்கு கிட்ட முறையீடு. அஞ்சாவது வாரமே 13 வந்துருச்சு, "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்"னு ஆரம்பிக்குது. நான் வாய்ல சொல்லப் பயந்துக்கிட்டு உள்ளுக்குள்ள வச்சிருந்தது அப்படியே அச்சடிச்சு கைல இருக்கு, அதுவும் ஜெபம்னு பேர் போட்டு. நான் ஒரு நிமிஷம் நிறுத்திட்டேன். அப்பா கண்ண மூடிக்கிட்டே "மேல வாசி"ன்னாரு.

அக்டோபர்ல ஒரு ராத்திரி நடந்தத சொல்லணும், அத சொல்லாம இத எழுதுனா பொய்யாயிரும். ரெண்டு மணி இருக்கும், அடுப்படில சத்தம். போய்ப் பாத்தா அப்பா லைட்டு போடாம குடத்துக்கிட்ட நிக்காரு, கைல சொம்பு. கழுத்து, பனியன் எல்லாம் நனைஞ்சிருக்கு. எத்தனை சொம்பு குடிச்சாருன்னு அவருக்கே தெரியல. நான் சத்தம் போட்டேன். "சாகணும்னு இருக்கீங்களா, எதுக்கு நான் வேலைய போட்டுட்டு இங்க வந்து கெடக்கேன்"னு. முப்பத்தஞ்சு வருஷம் பிள்ளைங்கள அதட்டின வாத்தியாரு, தலைய குனிஞ்சுக்கிட்டு சொம்ப ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. எம்மேல பார்வைய தூக்கவே இல்ல. மறுநாள் மூச்சு வாங்கி அவசரமா கூட்டிட்டு ஓடினோம், வழக்கமா ரெண்டு கிலோ எடுப்பாங்க, அன்னைக்கு நாலு கிலோ தண்ணி இருந்துச்சு. கால்ல தசை பிடிச்சு இழுத்து கத்துனாரு, நான்தான் கால நீவி விட்டேன், ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கல.

அந்த வாரம் சனிக்கிழமை வந்தது 42. நான் எடுக்கும்போது யோசிக்கல, "மானானது நீரோடைகளை வாஞ்சித்துக் கதறுவதுபோல"ன்னு வாசிக்க ஆரம்பிச்ச அப்புறம்தான் என்ன வாசிக்கிறோம்னு தெரிஞ்சது, தொண்டை அடைச்சிருச்சு. அப்பா பைபிள கேட்டு வாங்கினாரு. ஊசி போட்ட கைய அசைக்காம இன்னொரு கைல பிடிச்சுக்கிட்டு அந்த வரிய ரெண்டு தடவ வாசிச்சிட்டு, "இங்கிலீஷ்ல மான் மூச்சு வாங்குதுன்னு போட்டிருப்பான், நம்ம ஆளு கதறுதுன்னு போட்டிருக்கான் பாத்தியா. தண்ணி இல்லாம இருந்தவன்தான் இந்த சொல்ல எடுத்துருப்பான்"ன்னாரு. அப்புறம் எங்கிட்ட, "அன்னைக்கு ராத்திரி நானும் அப்படித்தான் போனேன். மன்னிச்சுக்கோ பிள்ள"ன்னாரு. நான் அந்த பெட்டு கம்பில தலைய வச்சு அழுதேன், பக்கத்து பெட்டு அண்ணாச்சி திரும்பிப் பாத்து ஒன்னும் கேக்காம போர்வைய இழுத்து மூடிக்கிட்டாரு. நானும் மன்னிப்பு கேட்டேன். எத்தனையோ மாசத்துக்கு அப்புறம் அன்னைக்கு ராத்திரிதான் எனக்கு ஜெபம்னு ஒன்னு வந்துச்சு, ஆண்டவரே எங்க அப்பாவுக்கு தாகமா இருக்குன்னு, அத மட்டும்தான் திருப்பித் திருப்பி சொன்னேன், வேற ஒன்னும் கேக்கத் தோணல.

உடனே ஒளி வந்துச்சு, சமாதானம் வந்துச்சுன்னு எல்லாம் நான் எழுத மாட்டேன். ஜனவரில 88 வந்துச்சு, அது இருட்டுலயே முடியுற சங்கீதம், கடைசில கூட ஒரு ஸ்தோத்திரமும் கிடையாது. அப்பா "இவன் முடிவ நல்லதா மாத்தி எழுதல, அப்படியே விட்டுட்டான், அதையும் வேதத்துல சேத்து வச்சிருக்காங்க"ன்னு சொல்லி ரொம்ப நேரம் மேல ஓடுற ஃபேனயே பாத்துட்டு இருந்தாரு.

2023 ஏப்ரல். பெரிய வியாழன் அன்னைக்கு வரிசைப்படி 119, 176 வசனத்தையும் வாசிச்சு முடிக்க எனக்குத் தொண்டை கட்டிருச்சு, நடுவுல நான் தண்ணி குடிக்கல, அவர் முன்னாடி குடிக்கிறத நான் எப்பவோ விட்டுட்டேன். மறுநாள் பெரிய வெள்ளி. மும்மணி ஆராதனைக்கு போகணும்னு ஒத்தக் கால்ல நின்னாரு. பன்னெண்டுல இருந்து மூணு மணி வரைக்கும், வெள்ளை வேட்டி சேலைல கோயில் நெறஞ்சு கெடக்கு, வெக்கை தாங்கல, கடைசில ஃபேனுக்கு நேரா நாற்காலி போட்டு உக்கார வச்சேன். சிலுவைல ஆண்டவர் சொன்ன ஏழு வார்த்தைக்கும் ஆளாளுக்கு வந்து பிரசங்கம் பண்ணுவாங்க. நாலாவது வார்த்தை "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்". அது 22ஆம் சங்கீதத்தோட முதல் வரி, நாங்க ஆகஸ்ட்ல ஆஸ்பத்திரில வச்சு வாசிச்சது. அஞ்சாவது வார்த்தைக்கு வயசான ஒரு டீச்சரம்மா வந்தாங்க, மைக்கு அவங்க உயரத்துக்கு எறங்கல. பெருசா ஒன்னும் சொல்லல. சமாரியா பெண்கிட்ட கிணத்தடில "தாகத்துக்குத் தா"ன்னு கேட்டவர் இங்க யார்கிட்டயும் தான்னு கூட கேக்கல, தாகமாயிருக்கிறேன்னு மட்டும் சொல்றாருன்னாங்க. அப்புறம் 22ஆம் சங்கீதத்துல இருந்தே இன்னொரு வரி வாசிச்சாங்க, "என் பெலன் ஓட்டைப்போல் காய்ந்தது, என் நாவு மேல்வாயோடே ஒட்டிக்கொண்டது."

அப்பா என் மணிக்கட்ட இறுக்கிப் பிடிச்சாரு. குனிஞ்சேன். வாய் காஞ்சு போய் அந்த டக் டக்குங்கிற சத்தத்தோட சொன்னாரு, "ஏ பிள்ள, அவருக்கு தெரியும் பிள்ள. இந்த நாக்கு ஒட்டுறது அவருக்கு தெரியும்."

கைக்குட்டைய நனைச்சு எடுத்துட்டுப் போயிருந்தேன், எப்பவும் பண்றதுதான், உதட்ட துடைச்சு விட்டேன். அங்க ரோமச் சேவகங்க கடற்காளான காடில தோய்ச்சு நீட்டினாங்கன்னு அந்தம்மா வாசிச்சிட்டு இருந்தாங்க.

எனக்கு ஆறுதல் எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்டா நான் அந்த நாற்காலியத்தான் காட்டுவேன். அது வரைக்கும் எனக்கு கடவுள்னா தண்ணி குடுக்க முடிஞ்சும் குடுக்காம மேல இருந்து பாத்துட்டு இருக்கிறவர். அன்னைக்கு என் மனசுல அவர் எடம் மாறினாரு, பெட்டு கிட்ட நிக்கிறவர் இல்ல, பெட்டுலயே கெடக்குறவரா. ஏன் இந்த வியாதிங்கிற கேள்விக்கு எனக்கு இன்னைக்கு வரைக்கும் பதில் கிடைக்கல. ஆனா தாகத்துல அப்பா தனியா இல்லங்கிறத நான் முழுசா நம்புறேன், அப்பாவும் நம்பினாரு, அந்த நாளுக்கு அப்புறம் அவரு டம்ளர வாங்குற விதமே மாறிருச்சு, ரெண்டு கையாலயும் வாங்குவாரு, கோயில்ல இராப்போஜனத்துல திராட்சரசப் பாத்திரத்த வாங்குற மாதிரி.

ஜூன்ல 150 முடிஞ்சது. "ரெண்டாம் திருப்புதல்"னு சொல்லி மறுபடி ஒன்னுல இருந்து.

அந்த டிசம்பர் வெள்ளம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 17, 18 தேதில பேஞ்ச மழை, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கிட்ட பேஞ்சதே, தாமிரபரணி கரை தெரியாம ஓடினது, ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டெல்லாம் தண்ணி, செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்துல ஜனங்களோட மாட்டிக்கிட்டு நின்னது. எங்க தெருவுல முழங்கால் அளவு. கரன்ட் இல்ல, ஃபோன் இல்ல. செவ்வாய்க்கிழமை டயாலிசிஸுக்கு போக முடியல. சனிக்கிழமைக்கு அப்புறம் நாலாவது நாள் ஆயிருச்சு, அப்பாவுக்கு படுக்க முடியல, உக்காந்தே மூச்சு விடுறாரு, அஞ்சு டம்ளர மூணாக்கிட்டோம். வாசல்ல பூரா தண்ணி, வீட்டுக்குள்ள ஒரு மனுஷன் தண்ணிக்கு ஏங்கிட்டு இருக்காரு. மெழுகுவத்தி வெளிச்சத்துல அப்பா "69 எடு"ன்னாரு, வரிசை கூட பாக்கல. "தேவனே, என்னை இரட்சியும், வெள்ளங்கள் என் ஆத்துமாமட்டும் பெருகிவருகிறது"ன்னு ஆரம்பிக்குது, ரெண்டு வசனம் தள்ளி தொண்டை வறண்டு போச்சுன்னு வருது. சுத்தி வெள்ளம், தொண்டைல வறட்சி, ரெண்டும் ஒரே பாட்டுல. அம்மா அழுதுட்டாங்க. நான் வாசிச்சு முடிச்சிட்டு பயத்தோடயேதான் இருந்தேன், ஆனா முன்ன மாதிரி யாரும் இல்லாத பயம் இல்ல அது. புதன்கிழமை தெருப் பையங்க நாலு பேரு, யாரு வீட்டுப் பிள்ளைங்கன்னு கூட முழுசா தெரியாது, பிளாஸ்டிக் நாற்காலில உக்கார வச்சு தூக்கிட்டே மெயின் ரோடு வரைக்கும் கொண்டு போனாங்க, அங்க இருந்து ஒரு டிராக்டர்ல.

அதுக்கப்புறம் உடம்பு தேறவே இல்ல. பிப்ரவரில இன்ஃபெக்‌ஷன். மிஷின்ல போட்டாலே பிபி எறங்கிருது. 2024 மார்ச்ல டாக்டர் எங்கள தனியா கூப்பிட்டு, இனி போட வேண்டாம், வீட்டுக்கு கூட்டிட்டுப் போங்கன்னாரு. நான் முதல்ல கேட்டது, தண்ணி? அவரு, "கேக்குறத குடுங்கம்மா, இனிமே கணக்கு வேண்டாம்"னாரு.

வீட்டுக்கு வந்து பெரிய டம்ளர எடுத்தேன். பானைத் தண்ணி, நல்லா குளுந்து கெடந்துச்சு. நிறைய மொண்டு கொண்டு போய் தலைய தூக்கிப் பிடிச்சு குடுத்தேன். ரெண்டு மடக்கு. "போதும்"னாரு. ஒன்றரை வருஷத்துக்கு மேல ஏங்குன மனுஷன், ரெண்டே மடக்குல போதும்னுட்டு என் கைய தட்டிக் குடுத்தாரு. மூணு நாள் இருந்தாரு.

ஃபிஸ்டுலா போட்ட கைல, அதாவது டயாலிசிஸ் ஊசிக்காக ரெண்டு ரத்தக் குழாய ஆபரேஷன்ல ஒன்னா சேத்து வச்ச கைல, விரல வச்சா உள்ள ரத்தம் ஓடுறது இரையும், மடில படுத்த பூனை மாதிரி ஒரு அதிர்வு. அது ஓடுதான்னு தினம் காலைல தொட்டுப் பாக்கணும், அது எனக்கு பழக்கமாவே ஆயிருச்சு. நாலாம் நாள் காலைல எழுந்த உடனே போய் விரல வச்சேன். இரையல.

அடக்க ஆராதனைல எங்க கோயில் ஐயர், அதான் பாதிரியார், எந்த வேதபாகம் வேணும்னு கேட்டாரு, நான் வெளிப்படுத்தின விசேஷம் 7 கேட்டேன். கல்லறைக் கல்லுக்கும் அதுலயே ஒரு வரி, "இனித் தாகமடைவதுமில்லை." கல்லு வெட்டுறவரு முடிச்சிட்டு ஃபோன் பண்ணாரு, போய்ப் பாத்தா "இனி"க்கு அப்புறம் த் இல்ல. தமிழ் வாத்தியாரு தலைமாட்டுல ஒற்று இல்லாம எப்படி வைக்கிறது. எடம் இல்லக்கான்னு சொன்னாரு, நான் விடல, கெஞ்சிக் கேட்டு போட வச்சிட்டேன். இப்ப போனாலும் பாக்கலாம், அந்த த் மட்டும் சின்னதா, ரெண்டு சொல்லுக்கும் நடுவுல நெருக்கிக்கிட்டு நிக்கும்.